பால் பைத்தான் ஏழு வாரமாகச் சாப்பிடவில்லை: எலியை விடுங்கள், முதலில் புற்றைப் பாருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிற தம்பிக்கு. நீங்கள் எழுதியதைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். ஒன்றரை வயது ஆண் பால் பைத்தான் (ball python, குடிக்கிற பால் இல்லை; வீட்டில் வளர்க்கிற ஒரு சின்ன மலைப்பாம்பு வகை), எடை 620 கிராம். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மேலே வலை மூடி, மாடி அறையில் அலமாரி மேல் இருக்கிறது. உள்ளே ஒரு சிவப்பு பல்பு. பங்குனிக் கடைசியில் ஒரு எலி தின்றதோடு சரி, அதற்கப்புறம் ஏழு வாரமாக எதையும் தொடவில்லை. "எலிய வச்சா மோந்து பாத்துட்டு தலைய உள்ள இழுத்துக்கிடுது. வாயத் தொறந்து திணிச்சிரலாமா? ஆச்சி பால் வைக்கச் சொல்லுதா, வைக்கவா?" எழுத்தில் இருப்பது இந்த இரண்டு கேள்விதான். ஆனால் உங்கள் மனசில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். இது செத்துப்போய்விடுமோ, நான் ஏதும் தப்பாகச் செய்துவிட்டேனோ என்பதுதான் அது. இராத்திரி ஒன்றரை மணிக்கு எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே தெரிகிறது.

முதலில் நேரடியான பதில். நல்ல உடம்போடு இருக்கிற பால் பைத்தான் ஏழு வாரப் பட்டினியில் சாகாது. வாயைத் திறந்து எதையும் திணிக்காதீர்கள். பால் வேண்டாம்; பாம்பின் வயிறு இரையைத் தோலோடும் எலும்போடும் செரிப்பதற்கானது, பாலுக்கானது அல்ல. தாகம் எடுத்த பாம்பு முன்னால் எதை வைத்தாலும் குடிக்கும், அதைப் பார்த்துத்தான் பாம்பு பால் குடிக்கும் என்ற நம்பிக்கையே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆச்சியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள், அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். தப்பு ஏதும் நடந்ததா என்றால், நடந்திருக்கலாம். உங்கள் எழுத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அது சரிசெய்யக்கூடிய தப்பு.

நான் கால்நடை மருத்துவன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்து மாடும் ஆடும் நாயும்தான் என் வேலை. பாம்பைப் பற்றிக் கல்லூரியில் படித்தது கொஞ்சம். கடந்த பத்து வருடமாகத் துணிப்பையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் என்னிடம் வந்த பாம்புகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். பால் பைத்தான் என்று எண்ணினால் நாற்பதுக்குள்தான் பார்த்திருப்பேன். மாட்டைப் பற்றிச் சொல்கிற அதே உறுதியோடு இதில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. எது உறுதி, எது என் ஊகம் என்று அந்தந்த இடத்தில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

உறுதியானதில் ஆரம்பிக்கிறேன். பாம்பின் பசி நம் பசி மாதிரி இல்லை. நாமும் ஆடுமாடும் உடம்புச் சூட்டைக் காப்பாற்றவே தின்றதில் பெரும்பங்கைச் செலவழிக்கிறோம். பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது, சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. மலைப்பாம்பு இனம் இன்னும் ஒரு படி மேலே போய், இரை இல்லாத நாட்களில் குடலையே சுருக்கி வைத்துக்கொள்கிறது. பர்மிய மலைப்பாம்பில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்: பெரிய இரையை விழுங்கிய ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, இதயம்கூட 40 சதவிகிதம் வரை பெருக்கிறது, செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அடுப்பையே அணைத்து வைத்துவிட்டு, விறகும் அரிசியும் வந்தபிறகு மூட்டிக்கொள்கிற உடம்பு அது. இதற்கு வயது வந்த பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம் தின்னாமல் இருப்பது நோயில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961-இல் வந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020-இல் முட்டையிட்டது; அப்போது அதன் வயது அறுபதைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு நீண்ட ஆயுளில் ஏழு வாரம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.

அடுத்தது, என்னிடம் வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது. பால் பைத்தானின் சொந்த மண் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் இது உலகமெல்லாம் போனது. ஒரு வரைபடத்தை எடுத்துத் திருநெல்வேலியிலிருந்து நேர் மேற்கே விரலை நகர்த்திக்கொண்டே போங்கள். அரபிக்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் குறுக்கே போய், விரல் அந்த நாடுகளுக்குள்தான் நுழையும். நமக்கு 8.7 டிகிரி வடக்கு, அவர்களுக்கும் ஏறக்குறைய அதே. அங்கேயும் வெயில் உண்டு, காய்ந்த மாதங்கள் உண்டு. அப்படியென்றால் இந்த ஊரில் இது சுகமாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கும், ஒரு நிபந்தனையோடு. அங்கே இது பகலில் வெளியே கிடப்பதில்லை. எலி வளையிலும், ஆளில்லாத கறையான் புற்றிலும் போய்ச் சுருண்டுகொள்கிறது. 'கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது' என்று நாம் வேறு அர்த்தத்தில் சொல்கிறோம். இந்தப் பாம்புக்கு அது அப்படியே வாழ்க்கை. புற்றுக்குள் உச்சி வெயிலிலும் சூடு பெரிதாக ஏறாது, ஈரம் காயாது, இருட்டாக இருக்கும், சுற்றிலும் மண் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்கியது பாம்பை மட்டும்தான். புற்று அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது உங்கள் மாடி அறைக்கு வருவோம். சித்திரையிலும் வைகாசியிலும் காங்கிரீட் தளத்துக்குக் கீழே, அலமாரி உச்சியில், கண்ணாடித் தொட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று அளந்து பார்த்தீர்களா? மூன்று வருடம் முன்னால் வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இதே ஏற்பாடு, இதே புகார். மத்தியானம் மூன்று மணி. தொட்டிக்குள் ஓர் அளவுமானியை விட்டேன். பல்பு இருந்த பக்கம் 41 டிகிரி, 'குளிர்ச்சியான பக்கம்' என்று அவர்கள் நினைத்திருந்த இடத்தில் 37. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் உடம்பை மடக்கி அடைத்துக்கொண்டு, மூக்கை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தது. 'எப்பவும் குளிச்சிக்கிட்டே இருக்கு சார், தண்ணின்னா இதுக்கு உசிரு' என்று அந்த வீட்டுப் பிள்ளை சந்தோஷமாகச் சொன்னது. அது குளிக்கவில்லை, வெந்துபோகாமல் இருக்க ஒளிந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் எந்தப் பாம்பும் இரையை நினைக்காது. செரிக்கிற வேலையே உடம்பில் இன்னும் சூட்டைக் கிளப்புவதுதான்.

தொட்டியில் இருக்க வேண்டிய கணக்கு இது: ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27, பாம்பு தனக்கு வேண்டியபோது வேண்டிய பக்கம் போய்க்கொள்ளட்டும். 35-க்கு மேல் தொட்டி முழுவதும் சில மணி நேரம் நின்றாலே ஆபத்துதான். இணையத்தில் படிக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலையெல்லாம் சூடு ஏற்றுவது எப்படி என்பது. நமக்கு மாசி முடிந்ததிலிருந்து சூட்டை இறக்குவது எப்படி என்பதுதான் கவலை. ஆகவே அந்தச் சிவப்பு பல்பை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது என்று கடையில் சொல்லியிருப்பார்கள்; ராத்திரியும் பகலும் எரிகிற எந்த விளக்கும் அதற்குத் தொந்தரவுதான். தொட்டியைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து, மேற்கு வெயில் படாத உள்ளறையில், ஆள் அதிகம் நடமாடாத மூலையில், முழங்கால் உயரத்துக்குள் வையுங்கள். பழைய ஓட்டு வீடாக இருந்தால் இன்னும் நல்லது. கீழறையிலும் மத்தியானம் 34 காட்டினால், தண்ணீரை உறையவைத்த பாட்டிலை ஈரத்துணியில் சுற்றித் தொட்டியின் ஒரு பக்கத்து வலை மூடி மேல் வையுங்கள், உள்ளே வேண்டாம்.

சூட்டை அளக்கத் தொட்டியில் ஒட்டுகிற வட்ட முள் மானியை நம்பாதீர்கள். ஒரே தொட்டியில் இரண்டு ஒட்டினால் இரண்டும் வேறு வேறு சொல்லும். ஒயர் முனையில் உணரி இருக்கிற டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி, ஒன்றைச் சூடான பக்கத்துத் தரையிலும் இன்னொன்றைக் குளிர்ந்த பக்கத்துத் தரையிலும் வையுங்கள். பாம்பு கிடப்பது தரையில், ஆகவே தரையின் சூடுதான் கணக்கு.

அப்புறம் அந்தப் புற்று. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு பிளாஸ்டிக் குகை இருக்கிறது, வாசல் பெரிதாக, மூன்று பாம்பு போகிற அளவுக்கு. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அதற்குள் உடம்பு எதிலும் படாது. முதுகிலும் பக்கத்திலும் ஏதாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் இந்தப் பாம்புக்கு நிம்மதி. காருகுறிச்சிப் பக்கம் செய்கிற மண்சட்டி நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும். பாம்பு சுருண்டால் கிட்டத்தட்ட நிரம்புகிற அளவில் இரண்டு வாங்குங்கள். விளிம்பில் ஓரிடத்தைத் தட்டி, மூன்று விரல் நுழைகிற வாசல் எடுத்து, உடைந்த ஓரத்தை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், பயமா சூடா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியதாகிவிடும். பெரும்பாலும் பயத்துக்குப் பயந்து வெக்கையில் கிடக்கும். குளிர்ந்த பக்கத்துச் சட்டியின் மேல் காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் மண் அதை உறிஞ்சி மெதுவாக விடும். பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். கண்ணாடியின் மூன்று பக்கத்தையும் வெளியிலிருந்து பழுப்புத்தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

ஈரப்பதம் 55 முதல் 70 சதவிகிதம் வேண்டும். இங்கேதான் நம் சீமையின் குணம் தெரிய வேண்டும். ஆனி ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் அடிக்கும்போது அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதே மேல்காற்று மலையைத் தாண்டி நமக்கு வரும்போது காய்ந்து, புழுதியோடு வருகிறது. வலை மூடியில் பாதியைத் தட்டியோ அட்டையோ போட்டு மூடுங்கள். தரைக்கு மாடித்தோட்டத்துக்கு விற்கிற தென்னை நார்த்தூள் கட்டி போதும்; நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி உப்பை எடுத்து, பிழிந்து, நிழலில் பாதி காயவைத்துப் போடுங்கள். பிழிந்தால் தண்ணீர் வரக் கூடாது, கையில் பிடித்தால் லேசாக ஒட்ட வேண்டும், அந்தப் பதம். சொதசொதவென்று விட்டால் அடிவயிற்றுச் செதிலில் கொப்புளம் வந்து அழுகும், அது பட்டினியைவிட மோசம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. வெயில் தாங்காது என்று படுக்கையறை ஏசியில் 24 வைத்து, பாம்பையும் அங்கேயே விடுகிறார்கள். ராத்திரி முழுவதும் குளிர்ந்த காய்ந்த காற்று. அந்தச் சூட்டில் செரிமானம் சரியாக நடக்காது என்று உடம்புக்குத் தெரியும், இரையைத் தொடாது. மார்கழி, தையில் நம் ஊரிலும் விடியற்காலை 22, 23 வரை இறங்கும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் வெப்பப்பாய் தேவைப்படலாம். சூடு அளவை மீறாமல் தானாக நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைப் போடாதீர்கள். வயிறு வெந்து தோல் உரிந்த பாம்புகளைப் பார்த்திருக்கிறேன். சூடு பட்டாலும் அது அவ்வளவு சீக்கிரம் விலகிப் போகாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் சாப்பிடாமல் இருக்க இயல்பான காரணங்களும் உண்டு. தோல் உரிக்கப் போகிற ஒன்றிரண்டு வாரம் கண் பால் படர்ந்த மாதிரி நீலமாகிவிடும், அப்போது எதையும் தொடாது. வீடு மாறினால் சில வாரம் தொடாது. ஆண் பாம்பு இணைசேரும் பருவம் என்று இரண்டு மூன்று மாதம், சில சமயம் அதற்கு மேலும், எலியைக் கண்டுகொள்ளாது. உங்களுடையது ஆண், 600, 700 கிராமை எட்டுகிற சமயத்தில்தான் முதல் விரதம் வருவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வெளிநாடுகளில் இது பெரும்பாலும் கார்த்திகையில் தொடங்கி மாசிக்குள் முடிகிறது. உங்கள் பாம்பு கோடையில் நிறுத்தியிருப்பதால், பருவத்தைவிட வெக்கையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுகிறேன். இது ஊகம்தான், ஆனாலும் சூட்டைச் சரிசெய்தால் பத்துப் பதினைந்து நாளில் தெரிந்துவிடும்.

விரதமா நோயா என்று பிரிக்க உங்கள் வீட்டிலேயே இருக்கிற ஒரு கருவி போதும், சமையலறைத் தராசு. பத்து நாளுக்கு ஒரு தடவை, மூடியுள்ள டப்பாவில் விட்டு நிறுத்து எழுதிவையுங்கள். விரதம் இருக்கிற பாம்பு ஒரு மாதத்தில் பத்து இருபது கிராம்தான் இறங்கும். மலம் கழித்த அன்றைக்கு ஒரேயடியாக 20, 30 கிராம் குறைந்து காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், அதாவது 620 ஆக இருந்தது 560-க்குக் கீழே வந்தால், அதற்கப்புறம் காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையிலும் தெரியும். நல்ல உடம்பு உருண்டையாக இருக்கும். மெலிந்த பாம்பின் முதுகெலும்பு கூரை முகடு மாதிரி மேலே துருத்தும், பக்கத்துத் தோல் மடிப்பு விழும்.

எடை எப்படி இருந்தாலும் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்: வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கிலோ வாயிலோ நுரை, மூச்சில் 'கிளிக் கிளிக்' என்ற சத்தம், ஈறில் தயிர்க்கட்டி போல வெள்ளை, தலையை மேலே திருப்பியபடியே வைத்திருப்பது, தின்றதைக் கக்குவது. தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கசகசா மாதிரி கறுப்புப் பொடி கிடந்தால் அது உண்ணி. தாடைக்கு அடியிலும் கண் ஓரத்திலும் பாருங்கள். நம் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போவதற்கு முன் பாம்பு பார்க்கிற மருத்துவர் என்றைக்கு இருப்பார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள், புதிய மலம் கிடைத்தால் சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். குடல் புழுவும் ஒட்டுண்ணியும் அதில்தான் தெரியும். மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்குகிற நிடோவைரஸ் என்று ஒன்று 2014-இல் கண்டறியப்பட்டது. அதையெல்லாம் பரிசோதிக்கிற வசதி என் மருத்துவமனையில் கிடையாது. மூச்சுக் கோளாறு மருந்துக்குக் கேட்காத பாம்பை நான் வேறிடம் அனுப்பிவிடுவேன். நீங்களாக மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். நாய்க்கும் ஆட்டுக்கும் சாதாரணமாகப் போடுகிற ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து, ஆமைக்குப் போட்டால் உயிரையே வாங்கும். பால் பைத்தானிலும் நரம்புத் தளர்ச்சி வந்த சம்பவங்கள் உண்டு. பசி எடுக்க டானிக் சொட்டு ஊற்றுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

திணிப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொன்னேன் என்றால், நானே அதைச் செய்திருக்கிறேன். பாம்புகள் பார்க்க ஆரம்பித்த புதிது. ஒரு இளைஞர் இரண்டு மாதமாகத் தின்னாத பாம்பைக் கொண்டுவந்து கண்கலங்கி நின்றார். எனக்கும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரம். எடை பார்த்தேன், அவ்வளவாக இறங்கவில்லை. இருந்தும் ஒரு சின்ன எலியை முட்டை வெள்ளையில் நனைத்து, இடுக்கியால் தொண்டைக்குள் தள்ளிவிட்டேன். உள்ளே போய்விட்டது, அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அழுகிய எலியைக் கக்கியது. உணவுக்குழாயில் கீறல், அதில் சீழ். பன்னிரண்டு நாளில் பாம்பு செத்துப்போய்விட்டது. பட்டினியில் இருந்திருந்தால் அது இன்னும் பல வாரம் இருந்திருக்கும், அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டி வந்த பாம்புகள் இரண்டே இரண்டு. இரண்டும் எலும்பும் தோலுமாக வந்தவை, முதலில் நீர்ச்சத்து ஏற்றி, சூட்டைச் சரிசெய்து, அப்புறம்தான் கொடுத்தேன்.

இனி எலி. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், சூட்டைப் பார்க்கிற உறுப்பு அது. இருட்டில் எலியை அது உடல் சூட்டை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. நீங்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து 'ரூம் சூட்டுக்கு வந்ததும்' வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாசனை எலியாக இருக்கிறது, சூடு கல்லாக இருக்கிறது. மோந்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வது அதனால்கூட இருக்கலாம். உறைந்த எலியை முந்தின ராத்திரி பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, கொடுக்கும்போது உறையில் போட்டுக் கை பொறுக்கிற வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். தொட்டால் உயிருள்ள எலியின் சூடு, 38 முதல் 40 டிகிரி, இருக்க வேண்டும். தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால் நல்லது. மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடிக்கும். ஈரத்தைத் துடைத்து, நீள இடுக்கியால் பிடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு, சட்டி வாசலில் லேசாக அசைத்துக் காட்டுங்கள். முகத்தில் கொண்டுபோய் இடிக்காதீர்கள். வாங்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து எறிந்துவிடுங்கள். நம் வெக்கையில் அதற்கு மேல் தாங்காது. உருகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது.

அளவு, பாம்பின் பருத்த இடத்து அகலத்துக்கு மிஞ்சாமல். உங்களுடையதற்குச் சாதாரணமாக 50, 60 கிராம் எலி சரி. இவ்வளவு நாள் இடைவெளிக்குப் பிறகு முதல் இரை 30 கிராமில் இருக்கட்டும். உயிர் எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசியில்லாத பாம்பை எலிதான் தின்ன ஆரம்பிக்கும். முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தசை போய் எலும்பு தெரிய வந்த பாம்புக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். வீட்டு எலியும் வயல் எலியும் பிடித்துப் போடாதீர்கள். அறுவடை சமயத்தில் வயல் எலி சுலபமாகக் கிடைக்கும், எனக்குத் தெரியும், ஆனால் அது ஜிங்க் பாஸ்பைடோ வேறு எலி மருந்தோ தின்று வந்ததா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. விஷம் எலியோடு சேர்ந்து பாம்புக்குள்ளும் போகும்.

விற்றவரிடம் ஒரு தடவை பேசுங்கள். அவர் கையில் இருந்தபோது சுண்டெலி தின்றதா, பெரிய எலியா, உயிரோடா, கொன்றா என்று கேளுங்கள். சுண்டெலியில் வளர்ந்த பாம்பு பெரிய எலியை இரையாகவே பார்க்காமல் இருப்பது உண்டு. அப்படியென்றால் சுண்டெலிக் கூண்டில் கிடந்த வைக்கோலில் எலியைப் புரட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். கோழிக்குஞ்சு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சின்ன ஆண் பாம்புகள் பறவைக் குஞ்சும் நிறையத் தின்கின்றன, ஆகவே இயற்கைக்கு மாறில்லை. ஆனால் குஞ்சுக்குப் பழகினால் எலிக்குத் திரும்ப மறுக்கிறது, சால்மோனெல்லாக் கிருமி பயமும் உண்டு. நான் கடைசியாகத்தான் அதற்குப் போவேன். விற்றவரிடம் பேசும்போதே ரசீதையும் வாங்கிவிடுங்கள். இது சைட்டிஸ் (காட்டு உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள விலங்கு, 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத பாம்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போகவே பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நாட்கள் போகின்றன. நம் மலைக்காட்டு மலைப்பாம்பு வேறு, அதை வீட்டில் வைப்பதே குற்றம். இதைக் கொண்டுபோய்க் களக்காட்டு மலையில் விடுகிற எண்ணம் என்றைக்கும் வேண்டாம்.

நிச்சயமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன ஏழு வாரத்துக்குள் உங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழா நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஒலிபெருக்கிக் குழாய் உங்கள் வீட்டு மாடிக்கு எதிரில். பாம்பு தரை அதிர்வைத் தாடை வழியாக நன்றாக உணரும், அது உறுதி. மூன்று நாள் மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பிறகு பாம்பு இரை எடுப்பதை நிறுத்தியதாக வேறு இரண்டு வீட்டிலும் என்னிடம் சொன்னார்கள். மேளம்தான் காரணமா, அதே நாட்களின் வெயிலா, கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பாம்பைக் கையில் எடுத்துப் படம் பிடித்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவதுக்குத்தான் என் வாக்கு அதிகம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நாளைக்குத் தொட்டியைக் கீழே இறக்கி, சட்டி, நார்த்தூள், மறைப்பு எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பத்து நாள் பாம்பைத் தொடாதீர்கள், எலி காட்டாதீர்கள். தினமும் தண்ணீர் மாற்றுவதும் சூடு பார்ப்பதும் மட்டும்தான் வேலை. பதினோராம் நாள் ராத்திரி சின்ன எலி ஒன்று. தொடவில்லையா, இன்னும் பத்து நாள் விட்டு மறுபடி ஒன்று. இடையில் மனசு கேட்காமல் தினமும் காட்டினால் எலியைப் பார்த்தாலே ஒதுங்கப் பழகிவிடும். வாங்கிவிட்டால் இரண்டு நாள் கையில் எடுக்க வேண்டாம், அடுத்த இரை ஒரு வாரம் கழித்து.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் எழுத்தில் விட்டுப்போயிருக்கிறது. 620 கிராம் என்பது பங்குனியில் நிறுத்ததா, இப்போது நிறுத்ததா? இப்போதைய எடை என்றால் பரவாயில்லை. பழைய எடை என்றால் இன்றைக்கே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். அந்த எண்ணையும், தொட்டியை நகர்த்துவதற்கு முன்னால் மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு பக்கமும் மானி காட்டிய சூட்டையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.